உச்ச விலை சரி, அது எந்த லாட்?

கணினிக் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம்: பட்டியலில் ஆகப் பெரியது எது, ஆகச் சிறியது எது, அதை நிரலில் எப்படி எடுப்பது? கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 மறுக்காது. விலையாக வரும் எண்கள் கணக்குக்காக நாங்கள் போட்டவை, சந்தை நிலவரம் அல்ல.

*

கேள்வி: தருமபுரி பட்டுக்கூடு அங்காடி ஏலத்தில் போகும் லாட்டுகளை சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்து எழுதும் ஃபைல்) எழுதி வைக்கிறோம்: லாட் எண், எடை, கிலோ விலை. பேப்பரில் போடுவதுபோல அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி மூன்றையும் பைத்தானில் எடுக்கப் பார்க்கிறேன். குறைந்தபட்சம் எப்போதும் 0 என்றே வருகிறது. ஏன்?
— கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, லூப் தொடங்கும் முன் 'அடி = 0' என்று எழுதியிருப்பீர்கள். எந்தக் கூடும் பூஜ்யத்துக்குக் கீழே விலை போகாது, அதனால் அந்த 0 கடைசிவரை அசையாது. 'உச்சம் = 0' என்று தொடங்கினால் விலையில் பிழை தெரியாது; அது வெறும் அதிர்ஷ்டம். நேற்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். எல்லா லாட்டும் இறங்கிய நாளில் -12, -7, -3 என்று இருக்கும். உச்சமாக -3 வர வேண்டிய இடத்தில் பட்டியலிலேயே இல்லாத 0 வந்து நிற்கும். தொடக்க மதிப்பைப் பட்டியலிலிருந்தே எடுங்கள்:

உச்சம் = விலைகள்[0]
அடி = விலைகள்[0]
ஃபார் வி இன் விலைகள்:
    இஃப் வி > உச்சம்:
        உச்சம் = வி
    இஃப் வி < அடி:
        அடி = வி

இரண்டாவது 'இஃப்' இருக்கும் இடத்தில் 'எலிஃப்' (முதல் நிபந்தனை பொருந்தாதபோது மட்டும் பார்க்கப்படுவது) போட்டாலும் இந்த நிரல் சரியாகவே ஓடும். ஆனால் சிலர் உச்சத்தை மைனஸ் முடிவிலியிலும் அடியை முடிவிலியிலும் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கிவிட்டு 'எலிஃப்' போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். விலைகள் ஏறுவரிசையில் வந்தால் ஒவ்வொரு எண்ணும் முதல் நிபந்தனையிலேயே பிடிபட்டுவிடும், இரண்டாவதுக்கு வேலையே வராது; அடி கடைசிவரை முடிவிலியாகவே இருக்கும். கலைந்த பட்டியலில் சோதித்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும் என்பதால் இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும். இரண்டு தனித்தனி 'இஃப்' போடுவது பத்திரம்.

இரண்டாவது காரணம் உங்கள் ஃபைலிலேயே இருக்கலாம். ஏலம் போகாத லாட்டுக்கும், விலை கட்டவில்லை என்று விவசாயி திரும்ப எடுத்துப் போன லாட்டுக்கும் விலைக் கட்டத்தில் 0 எழுதியிருப்பார்கள். அது விலையே இல்லை, 'விற்கவில்லை' என்பதன் குறி. 0-ஐ விலக்கிவிட்டுத் தேடுங்கள். எத்தனை லாட் விலக்கப்பட்டது என்பதையும் கூடவே அச்சிடுங்கள்.

லூப் புரிந்தபின் அதை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. பைத்தானில் மேக்ஸ்(விலைகள்), மின்(விலைகள்) போதும். ஏலமே நடக்காத நாளில் பட்டியல் காலியாக இருக்கும்; அப்போது மேக்ஸ் 'வேல்யூ எரர்' காட்டி நின்றுவிடும். மேக்ஸ்(விலைகள், டீஃபால்ட்=நன்) என்று கொடுத்தால் நிற்காது; நன் என்றால் 'மதிப்பு எதுவும் இல்லை'. அந்த இடத்தில் டீஃபால்ட்=0 என்று கொடுத்துவிடாதீர்கள், விரட்டிய பூஜ்யம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும்.

விலையை மட்டும் தனிப் பட்டியலாகப் பிரிக்காமல் முழு லாட்டையும் வைத்துக்கொண்டு தேடுவது இன்னும் நல்லது. மேக்ஸ்(லாட்டுகள், கீ=லாம்டா லா: லா['விலை']) என்றால் திரும்பி வருவது வெறும் 545 அல்ல; லாட் எண், எடை, விலை எல்லாம் சேர்ந்த முழு வரிசை. உச்ச விலை என்று சொன்னதும் அடுத்து எவரும் கேட்பது 'அது எந்த லாட்?' என்பதுதான்.

சராசரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐந்து லாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 42.5 கிலோ 512 ரூபாய்க்கு, 18 கிலோ 478-க்கு, 61.2 கிலோ 545-க்கு, 9.4 கிலோ 331-க்கு, 37 கிலோ 529-க்கு. விலைகளை மட்டும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 479. ஒவ்வொரு லாட்டின் எடையையும் விலையையும் பெருக்கிக் கூட்டினால் 86,402.40 ரூபாய், அதை மொத்த எடை 168.1 கிலோவால் வகுத்தால் ஏறத்தாழ 514. கிலோவுக்கு 35 ரூபாய் வித்தியாசம். ஒன்பது கிலோ சில்லறை லாட்டுக்கும் அறுபது கிலோ லாட்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்ததன் விளைவு இது. உச்சத்துக்கும் அடிக்கும் எடை தேவையில்லை. சராசரிக்கு எடை இல்லாமல் கணக்கே இல்லை.

அந்த 331 ரூபாய் லாட்டைப் பார்க்காமல் விட வேண்டாம். அது டபுள் கூடாகவோ (இரண்டு புழு சேர்ந்து கட்டியது) கழிவுக் கூடாகவோ இருந்தால், நல்ல கூட்டின் அடிவிலை 478 என்பதே உண்மை. வெண்கூடு, மஞ்சள் கூடு இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுத் தேடினாலும் இதே குழப்பம்தான். ரகம் என்று ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்து எழுதிவைத்தால் பிற்பாடு பிரிக்கலாம். எழுதாமல் விட்டதை எந்த நிரலாலும் பிரிக்க முடியாது.

*

கேள்வி: தக்காளி மண்டிக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறேன். விலைக் காலத்தில் 612 கண்ணுக்கு நேரே தெரிகிறது, மேக்ஸ் ஃபார்முலா 590 என்கிறது. அதே ஷீட்டை சிஎஸ்வியாக மாற்றித் தம்பி பைத்தானில் ஓட்டினால் 98 என்று வருகிறது. எதை நம்புவது?
— மண்டி கணக்கர், ராயக்கோட்டை

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். நோய் ஒன்றுதான், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வெளிப்படுகிறது: உங்கள் 612 எண் அல்ல, எழுத்து.

எக்செல்லின் மேக்ஸ், கட்டங்களில் இருக்கும் எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். '612' என்பதன் பின்னால் ஓர் இடைவெளி இருந்தாலோ, 'ரூ.612' என்று அடித்திருந்தாலோ, வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை அப்படியே ஒட்டியிருந்தாலோ அது எழுத்தாகிவிடும். காலம் முழுக்க அப்படி இருந்தால் மேக்ஸ் 0 என்று சொல்லும், பிழை என்றுகூடச் சொல்லாது.

பைத்தானின் சிஎஸ்வி மாட்யூல் எல்லாவற்றையும் எழுத்தாகவே படிக்கும். எழுத்தாக ஒப்பிடும்போது முதல் எழுத்துதான் முதலில் பார்க்கப்படும். '9' என்பது '6'-ஐவிடப் பெரிது, ஆகவே '98' ஜெயித்துவிடுகிறது. அகராதியில் சொற்களை அடுக்கும் அதே முறை.

எக்செல்லில் கண்டுபிடிக்க எளிய வழி, கட்டத்தில் சீரமைப்பு எதையும் தொடாமல் பாருங்கள்: எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். கவுண்ட் ஃபார்முலா எண்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ நிரம்பிய கட்டம் எல்லாவற்றையும் எண்ணும். இரண்டையும் போட்டுக் கழித்தால் எத்தனை கட்டம் எழுத்தாகிவிட்டது என்று தெரிந்துவிடும். திருத்த, காலத்தைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் நேராக ஃபினிஷ் அழுத்துங்கள், பெரும்பாலானவை எண்ணாகிவிடும். 'ரூ.' ஒட்டியிருந்தால் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் முதலில் அதை எடுத்துவிடுங்கள். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியதில் சாதாரண இடைவெளிபோலத் தெரியும் வேறொரு இடைவெளி இருக்கும்; டிரிம் ஃபார்முலாவுக்கு அது அசையாது. அந்த ஓர் இடைவெளியை மட்டும் காப்பி செய்து ஃபைண்ட் கட்டத்தில் ஒட்டி நீக்க வேண்டும்.

பைத்தான் பக்கம் தம்பியை பாண்டாஸ் (நிரலில் சுருக்கமாக 'பிடி') என்ற நூலகத்துக்கு மாறச் சொல்லுங்கள். பிடி.டு_நியூமெரிக்(காலம், எரர்ஸ்='கோயர்ஸ்') எண்ணாக மாறாததை எல்லாம் காலி மதிப்பாக்கிவிடும். மாற்றுவதற்கு முன் எத்தனை காலி, பின் எத்தனை காலி என்று கட்டாயம் பார்க்க வேண்டும். '1,250' என்று காற்புள்ளியோடு இருப்பதும் காலியாகிவிடும், அதாவது ஆயிரத்தைத் தாண்டிய விலைகள் மட்டும் பொறுக்கியெடுத்ததுபோலக் காணாமல் போகும்! உச்சத்தைத் தேடும் வேலையில் இதைவிடப் பெரிய கேடு இல்லை. காற்புள்ளியை முதலில் நீக்குங்கள்.

கூடவே ஒன்று. விலைக் காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தி (சார்ட் செய்து) மேலே இருப்பதைப் பார்க்கும் பழக்கம் பல மண்டிகளில் உண்டு. எக்செல் 'பக்கத்துக் காலங்களையும் சேர்க்கவா' என்று கேட்கும்போது அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விலை ஓர் ஆளுக்கும் பெட்டிக் கணக்கு இன்னோர் ஆளுக்கும் போய்விடும். சேவ் செய்து மூடியபின் திரும்ப வழியில்லை. உச்சத்தைப் பார்க்க வரிசைப்படுத்தத் தேவையே இல்லை. குறிப்பிட்ட விவசாயிக்கு மட்டும் வேண்டுமென்றால் எக்செல் 2019 முதல் மேக்ஸ்இஃப்ஸ், மின்இஃப்ஸ் இருக்கின்றன. லிப்ரே ஆஃபீஸிலும் உண்டு. பெயர் எழுத்து மாறிப் பொருந்தாமல் போனால் அவை 0 தரும். அந்த 0-வைப் பார்த்து 'இலவசமாகக் கொடுத்துவிட்டானோ' என்று பதற வேண்டாம்.

*

கேள்வி: மாங்காய் விலைத் தரவில் ரகவாரியாக உச்ச விலையும் அது எந்தத் தேதி என்பதும் வேண்டும். பாண்டாஸில் க்ரூப்பை('ரகம்').மேக்ஸ்() போட்டேன். விலை சரி. ஆனால் தோத்தாபுரி, செந்தூரா, நீலம் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி வருகிறது, அதுவும் ஃபைலின் கடைசித் தேதி.
— பொறியியல் மாணவர், பர்கூர்

பதில்: அறிகுறியைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். க்ரூப்பையின் மேக்ஸ் ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியாக உச்சத்தை எடுக்கும். விலைக் காலத்தின் உச்சம் ஒரு வரிசையிலிருந்து வரும். தேதிக் காலத்தின் 'உச்சம்' என்றால் கடைசித் தேதிதானே, அது வேறொரு வரிசையிலிருந்து வரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒரே வரிசைபோலத் தோன்றுகிறது. அப்படியொரு வியாபாரம் எந்த நாளிலும் நடக்கவில்லை. சந்தைப் பெயர் காலமும் இருந்தால் அதிலும் அகர வரிசையில் கடைசியாக வரும் ஊர்தான் வந்திருக்கும்.

வேண்டியது இது: எண்கள் = தரவு.க்ரூப்பை('ரகம்')['விலை'].ஐடிஎக்ஸ்மேக்ஸ்(), பிறகு தரவு.லோக்[எண்கள்]. முதல் கட்டளை ஒவ்வொரு ரகத்திலும் உச்ச விலை இருக்கும் வரிசையின் அடையாள எண்ணைத் தரும், இரண்டாவது அந்த வரிசைகளை முழுசாக எடுத்துத் தரும்.

மே மாத ஃபைல், ஜூன் மாத ஃபைல் என்று தனித்தனியாகப் படித்து பிடி.கான்கேட் மூலம் ஒட்டியிருந்தால் இரண்டிலும் அடையாள எண் 0-விலிருந்து தொடங்கும். லோக் 57 என்று கேட்டால் இரண்டு 57-ஆவது வரிசைகளும் வந்துவிடும். ஒட்டும்போதே இக்னோர்_இண்டெக்ஸ்=ட்ரூ கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, ஐடிஎக்ஸ்மேக்ஸ் முதலில் வருவதை மட்டும் தரும். ஒரே உச்ச விலை மூன்று நாள் நீடித்திருந்தால் மூன்றும் வேண்டுமா என்று யோசியுங்கள். வேண்டுமென்றால் தரவு[தரவு['விலை'] == தரவு.க்ரூப்பை('ரகம்')['விலை'].ட்ரான்ஸ்ஃபார்ம்('மேக்ஸ்')] என்று எழுதலாம்.

எஸ்க்யூஎல் (தரவுத்தளங்களைக் கேட்கும் மொழி) பக்கம் இதே தவறு வேறு முகத்தோடு வரும். ரகம், தேதி, மேக்ஸ்(விலை) மூன்றையும் கேட்டு ரகத்தை மட்டும் க்ரூப் பை செய்தால், மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகள் ஏதோ ஒரு தேதியைத் தந்துவிடும். 5.7 பதிப்பு வரிசையிலிருந்து இயல்பமைப்பிலேயே பிழை காட்டித் தடுக்கிறது. எஸ்க்யூலைட் விதிவிலக்கு: ஒரே ஒரு மேக்ஸ் அல்லது மின் இருந்தால் அந்த உச்ச வரிசையின் தேதியையே எடுத்துத் தரும். அங்கே பழகிவிட்டு வேறு தரவுத்தளத்துக்குப் போனால் இடறும்.

உங்கள் தரவு, சந்தை விலைகளை வெளியிடும் அரசுத் தளமான அக்மார்க்நெட்டிலிருந்து எடுத்ததாக இருந்தால் ஒரு வரிசையிலேயே மூன்று விலை இருக்கும்: குறைந்தபட்சம், அதிகபட்சம், மோடல். மூன்றும் குவிண்டாலுக்கு. மோடல் என்பது அன்று பெரும்பாலான சரக்கு போன விலை. பருவத்தின் உச்ச விலை என்று கேட்டால் அதிகபட்சக் காலத்தில் தேட வேண்டும். எந்த நாளில் விற்றிருந்தால் லாபம் என்று கேட்டால் மோடலில் தேடுவதுதான் நியாயம், ஒரே ஒரு நல்ல வண்டிக்குக் கிடைத்த விலை எல்லாருக்கும் கிடைக்காது. தேடும் முன் குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிடப் பெரிதாக இருக்கும் வரிசைகள் உண்டா என்று வடிகட்டிப் பாருங்கள், இடம் மாறி அடித்தவை சிக்கும். நடுவில் 22 என்று ஒரு விலை அடியாக வந்தால், யாரோ குவிண்டால் காலத்தில் கிலோ விலையை அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

*

கேள்வி: பள்ளித் திட்டப்பணிக்காக வானிலைத் தரவு எடுத்தோம். நம் பகுதியின் உச்ச வெப்பநிலை 99.9 டிகிரி, குறைந்தபட்ச மழை -999 மி.மீ. என்று வருகிறது. தப்பு என்று தெரிகிறது. 'வெளியே நிற்கும்' எண்களை எல்லாம் நீக்கும் விதி ஒன்றைப் படித்தோம், அதைப் போட்டுவிடலாமா?
— ஆசிரியர், அரூர்

பதில்: போடாதீர்கள். இரண்டு வேறு வேலைகளை ஒரே துடைப்பத்தால் செய்யப் பார்க்கிறீர்கள்.

99.9, -999 இரண்டும் அளவீடுகளே அல்ல. இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவில் அளவு இல்லாத இடத்தை நிரப்ப வைத்த குறிகள்: மழைக்கு -999, வெப்பநிலைக்கு 99.9. முதலாவது அடியைக் கெடுக்கும், இரண்டாவது உச்சத்தைக் கெடுக்கும். அளவு இல்லை என்பதை எண்ணால் எழுதுவது பழைய வழக்கம். தரவோடு வரும் விளக்கக் குறிப்பைப் படித்தால் எந்த எண் என்று இருக்கும். ரீட்_சிஎஸ்வி செய்யும்போதே என்ஏ_வேல்யூஸ் என்ற இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் காலி மதிப்பாகப் படித்துக்கொள்ளும். 99.9 மழைக் காலத்தில் உண்மையான அளவாகவே வரக்கூடும் என்பதால் ஃபைல் முழுவதற்கும் பொதுவாகக் கொடுக்காமல், காலத்தின் பெயரோடு சேர்த்துக் கொடுங்கள்.

நீங்கள் படித்த விதி கால்மானங்களை (வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பங்காகப் பிரிக்கும் இடங்களை) வைத்தது: முதல் கால்மானத்துக்கும் மூன்றாம் கால்மானத்துக்கும் உள்ள தூரத்தில் ஒன்றரை மடங்குக்கு அப்பால் இருப்பதை விலக்கு என்பது. தினசரி மழையில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வருடத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மழையில்லாத நாள் என்றால் முதல் கால்மானமும் 0, மூன்றாம் கால்மானமும் 0. தூரம் 0. ஒன்றரை மடங்கும் 0. அதாவது தூறல் விழுந்த நாள்கூட 'வெளியே நிற்கும்' எண்ணாகிவிடும். மழைத் தரவிலிருந்து மழையையே துடைத்துவிடுவீர்கள்.

இப்போது ஊத்தங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபெஞ்சல் புயலை ஒட்டி, 2024 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே சுமார் 50 செ.மீ. மழை. எந்த விதியும் இதைப் பிழை என்றே சொல்லும். ஆனால் அது பெய்த மழை. ஏரி உடைத்து, ஊத்தங்கரைப் பேருந்து நிலையப் பக்கம் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போன மழை. அரூரிலும் அதே நாளில் 30 செ.மீ.க்கு மேல். பக்கத்து நிலையங்களும் அன்று எகிறியிருந்தால் எண் உண்மை. ஒரு நிலையம் மட்டும் 500 காட்டி, சுற்றியிருப்பவை எல்லாம் 0 காட்டினால் தசமப் புள்ளி விட்டுப்போனதா, செ.மீ. – மி.மீ. மாறியதா என்று மூலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தரவு.என்லார்ஜெஸ்ட்(10, 'மழை') என்று முதல் பத்து வரிசைகளை எடுத்து, மாணவர்களையே ஒவ்வொன்றாகப் பக்கத்து ஊரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். திட்டப்பணியில் உருப்படியான பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

தேதியிலும் ஒரு வழுக்கல். காலை 8.30-க்கு அளக்கும் மழை அந்தத் தேதியில்தான் பதிவாகும், பெய்தது பெரும்பாலும் முந்தைய நாளில். 'டிசம்பர் 1 இரவுதானே கொட்டியது, தரவில் 2 என்று இருக்கிறதே' என்று மாணவர்கள் திருத்தப் போனால் தடுத்துவிடுங்கள்.

*

கேள்வி: பிலிகுண்டுலுவில் மணிக்கு மணி எடுத்த காவிரி நீர்வரத்து ஃபைலில் சில மணிகள் காலி. ஒரே ஃபைலுக்கு நம்பை என்ற பைத்தான் நூலகம் 'நேன்' என்கிறது, பாண்டாஸ் ஓர் எண் தருகிறது, சாதாரண மேக்ஸ் வரிசையை மாற்றினால் பதிலையும் மாற்றுகிறது.
— வாசகர், பென்னாகரம்

பதில்: நேன் என்பது 'எண் அல்ல' என்பதன் சுருக்கம். சிலர் இதைத் தமிழில் 'நான்' என்றே எழுதுகிறார்கள், குணத்துக்கு அதுவும் பொருத்தம்தான்: யாரோடும் ஒப்பிட முடியாது, தன்னோடுகூடத் தான் சமம் இல்லை என்று சொல்லும். நேனை எதோடு ஒப்பிட்டாலும் பெரிதா, சிறிதா, சமமா என்ற மூன்றுக்கும் பதில் 'இல்லை'. அதனால் [நேன், 8000, 12000] என்று இருந்தால் சாதாரண மேக்ஸ் முதலில் நேனைக் கையில் எடுக்கும், பிறகு எதுவும் அதை வெல்ல முடியாது. [8000, நேன், 12000] என்றால் நேன் 8000-ஐ வெல்லாது, 12000 வெல்லும், சரியான பதில் வரும். முதல் கட்டம் காலியா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. சார்ட்டட் மூலம் வரிசைப்படுத்திக் கடைசியை எடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நேன் நடுவில் இருந்தால் வரிசையே கலைந்து வரும்.

நம்பையில் மேக்ஸ் ஒரு நேன் இருந்தாலும் நேன் என்றே சொல்லும், நேன்மேக்ஸ் அதை விட்டுவிடும். பாண்டாஸ் கேட்காமலேயே விட்டுவிடும். எங்களுக்கு நம்பையின் பிடிவாதம்தான் பிடித்திருக்கிறது. வெள்ளத்தில் அளவுகோல் முழுகி, மின்சாரம் போய், பதிவு நிற்கும் நேரம் பெரும்பாலும் ஆறு உச்சத்தில் ஓடும் நேரம்தான். காலி மணிகள் தற்செயலாக வந்தவை அல்ல. பாண்டாஸ் தரும் உச்சத்துக்குப் பக்கத்தில் இஸ்என்ஏ().சம்() போட்டு எத்தனை மணி காலி, அவை உச்சத்துக்கு ஒட்டி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டி இருந்தால் 'குறைந்தது இவ்வளவு கனஅடி' என்று எழுதுவதே நேர்மை. காலை 8 மணி அளவை மட்டும் வைத்திருக்கும் ஃபைலுக்கும் இதே எச்சரிக்கை, நடுராத்திரி வந்து வடிந்த வெள்ளம் அதில் இருக்காது.

24 மணி நேர நகரும் உச்சம் வேண்டுமென்றால் ரோலிங்(24).மேக்ஸ்(). அந்த 24-க்குள் ஒரு காலி இருந்தாலும் விடை நேன். மின்_பீரியட்ஸ்=20 என்று கொடுத்தால் நான்கு மணி வரை காலியைப் பொறுத்துக்கொள்ளும். நேரத்தை இண்டெக்ஸாக வைத்து ரோலிங்('24எச்') என்று எழுதினால் இந்த இயல்பு தலைகீழ்: ஒரே ஓர் அளவு இருந்தாலும் விடை தந்துவிடும்.

*

கேள்வி: நேர்முகத் தேர்வில் 'உச்சமும் அடியும் சேர்த்து எத்தனை ஒப்பீட்டில் எடுக்கலாம்' என்று கேட்கிறார்களாம். வரிசைப்படுத்தி முதலும் கடைசியும் எடுத்தால் போதாதா?
— ஓசூர் வாசகி

பதில்: விடை வரும், வேலை அதிகம். வரிசைப்படுத்தாமல் நேரே தேடினால் 1,000 எண்ணுக்கு உச்சம் தேட 999 ஒப்பீடு, பிறகு மீதியில் அடி தேட 998, மொத்தம் 1,997. அவர்கள் எதிர்பார்ப்பது இரண்டிரண்டாகப் பிடிக்கும் முறை: ஜோடியில் யார் பெரியவர் என்று முதலில் பார்த்து, பெரியதை உச்சத்தோடும் சிறியதை அடியோடும் மட்டும் ஒப்பிடுவது. 1,498-ல் முடியும். தேர்வில் இதைச் சொல்லுங்கள், வேலையில் மேக்ஸ், மின் இரண்டையும் அழைத்துவிட்டுப் போங்கள். பைத்தானில் நீங்களே எழுதும் ஜோடி லூப் அவற்றைவிட மெதுவாகத்தான் ஓடும். ஜாவாஸ்கிரிப்ட் கேட்டால் இரண்டு பொறிகள்: சார்ட் இயல்பாகவே எண்களை எழுத்தாக ஒப்பிடும், மேத்.மேக்ஸுக்கு மூன்று புள்ளி வைத்து லட்சக்கணக்கான எண்களை விரித்துக் கொடுத்தால் 'ரேஞ்ச் எரர்' வந்து விழும். ரெட்யூஸ் போடுங்கள்.

*

கேள்வி: 6 ஜிபி ஃபைல், 4 ஜிபி ராம். துண்டு துண்டாகப் படித்தால் உச்சம் சரியாக வருமா?
— போச்சம்பள்ளி வாசகர்

பதில்: வரும். ரீட்_சிஎஸ்வியில் சங்க்சைஸ்=100000 கொடுத்து, ஒவ்வொரு துண்டின் உச்சத்தையும் எடுத்து, அவற்றில் உச்சம் எடுங்கள். அடிக்கும் அப்படியே. சராசரிக்குத் துண்டுகளின் சராசரியைச் சராசரி செய்யக் கூடாது, கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியே சேர்த்துக்கொண்டு கடைசியில் வகுங்கள். இடைமதிப்பு (மீடியன்) இந்த வழியில் வராது.

*

கேள்வி: ஊர்ப் பெயர்ப் பட்டியலில் மின் போட்டால் அகர வரிசையில் முதல் ஊர் வர வேண்டும் அல்லவா? பர்கூரும் பரமத்தியும் இருக்கும் பட்டியலில் பரமத்தி வருகிறது. அகராதியில் 'பர்' அல்லவா முன்னால்?
— தமிழாசிரியை, காரிமங்கலம்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. கணினி யூனிகோட் எண்ணை வைத்து ஒப்பிடுகிறது, நம் நெடுங்கணக்கை வைத்து அல்ல. அதில் புள்ளிக்கு எல்லா உயிர்மெய்க்கும் பின்னால்தான் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 'பர'வுக்குப் பிறகு எந்த எழுத்து வந்தாலும் அதற்குப் பின்னால்தான் 'பர்' நிற்கும். ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அதற்கும் பிறகுதான் வ என்று இன்னும் சில இடமாற்றங்களும் உண்டு. பைத்தானில் பைஐசியூ என்ற நூலகத்தை நிறுவி, தமிழுக்கான கொலேட்டரை உருவாக்கி, அதன் கெட்சார்ட்கீ-யை மின்னுக்குக் கீயாகக் கொடுங்கள். பர்கூர் முன்னால் வந்துவிடும்.